கையிலா, கழுத்திலா? பாலினமும் ஈர்ப்பும் புரிய ஒரு தொடக்க வழிகாட்டி

மயிலாடுதுறைப் பக்கம் 30 வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் பெற்றோர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். மார்க்கு, காலேஜ் என்று பேச்சைத் தொடங்கிவிட்டு, எழுந்து போகும் நேரத்தில் வாசல்படியில் நின்றுகொண்டுதான் உண்மையான கேள்வியைக் கேட்பார்கள். "டீச்சர், பையன் பொம்பளப் புள்ள மாதிரி நடக்குறான். பின்னாடி எதுவும் ஆயிடுமா?" "பொண்ணு கல்யாணமே வேணாங்குறா. கூடப் படிச்ச பொண்ணு பேரையே சொல்லிக்கிட்டிருக்கா. டாக்டர்கிட்ட காட்டணுமா?"

கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை, பயந்து போனவர்கள். இந்த விஷயத்தை எந்த முனையில் பிடிப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒவ்வொரு படியாகப் போகலாம், அவசரம் இல்லை.

முதல் படி: நான்கு கேள்விகளையும் பிரித்து வையுங்கள்

கல்லணைக்குப் போயிருப்பீர்கள். வந்து சேரும் தண்ணீர் ஒன்றுதான். அங்கே அது காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று நான்காகப் பிரிகிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஷட்டர். கொள்ளிடத்தில் எவ்வளவு போகிறது என்று பார்த்துவிட்டு வெண்ணாற்றில் இவ்வளவுதான் போகும் என்று யாரும் சொல்ல முடியாது.

மனிதரைப் பற்றிய கேள்விகளும் இப்படி நான்கு.

முதலாவது, உடல். பிரசவ அறையில் செவிலியர் பார்த்து ஆண் என்றோ பெண் என்றோ எழுதியது. இதைப் பால் என்கிறோம். இதிலும் எல்லோரும் இரண்டே பெட்டிக்குள் அடங்குவதில்லை. குரோமோசோம், ஹார்மோன், உறுப்பு அமைப்பு மூன்றும் ஒரே திசையில் அமையாமல் பிறக்கும் குழந்தைகள் உண்டு. அவர்களை இடைப்பாலினர் என்கிறோம்.

இரண்டாவது, 'நான் யார்' என்று உள்ளுக்குள் ஒருவருக்குத் தெரிவது. ஆண், பெண், இரண்டுக்கும் நடுவில், இரண்டும் அல்லாமல். இது பாலின அடையாளம்.

மூன்றாவது, ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் இப்படி என்று ஊர் எதிர்பார்ப்பது. நடை, உடை, வேலை, அழுகை, சிரிப்பு எல்லாம் இதில் வரும். இது பாலினப் பாத்திரம்.

நான்காவது, மனம் யாரிடம் போகிறது என்பது. இது பாலீர்ப்பு. எதிர்ப்பாலினரிடம் போனால் எதிர்பாலீர்ப்பு, தன் பாலினத்தவரிடமே போனால் தன்பாலீர்ப்பு, இருவரிடமும் போனால் இருபாலீர்ப்பு. யாரிடமும் போகாதவர்களும் இருக்கிறார்கள்.

நம் வீடுகளில் நடக்கும் குழப்பத்தில் முக்கால்வாசி, ஒரு கேள்விக்கான விடையை இன்னொரு கேள்விக்கு எழுதுவதால் வருவது. பையன் மென்மையாக நடக்கிறான் என்றால், அது மூன்றாவது கேள்வியைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்கிறது. அவன் தன்னைப் பெண்ணாக உணர்கிறானா என்பதை அது சொல்லாது. வளர்ந்தபின் யாரை விரும்புவான் என்பதையும் சொல்லாது. கிராப்பு வெட்டிக்கொண்டு புல்லட் ஓட்டும் பெண்ணும் அப்படித்தான். ஒரு திருநங்கை ஆணை விரும்பலாம், பெண்ணை விரும்பலாம், யாரையும் தேடாமலும் இருக்கலாம். பையனைக் கூட்டிக்கொண்டு வரும் பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது, "இந்த நாலுல நீங்க எதைப் பத்திக் கேக்குறீங்க?" என்பதைத்தான். பாதிப் பேர் அங்கேயே யோசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

இரண்டாம் படி: வயலுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் போய்ப் பாருங்கள்

பாலினப் பாத்திரம் என்பது புத்தகத்தில் படித்தால் மண்டையில் ஏறாது. ஊரில் பார்த்தால் ஏறும்.

நம் பக்கம் நாற்றுப் பறிப்பது ஆம்பளை வேலை, நடுவது பொம்பளை வேலை. அண்டை வெட்டுவது, சேறடிப்பது ஆம்பளைக்கு. களை எடுப்பது பொம்பளைக்கு. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஏன் என்று கேட்டதற்கு என் பாட்டி சொன்ன பதில்: "பொம்பள கைக்குத்தான் குனிஞ்சு நடுற பக்குவம் இருக்கு." ஊரே அதை நம்பியது. இடுப்பெலும்பே அதற்கென்று படைக்கப்பட்டது போலப் பேசுவார்கள்.

இப்போது சம்பா நடவு நேரத்தில் திருவாரூர், தஞ்சாவூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். மேற்கு வங்கத்திலிருந்து வந்த ஆண்கள் வரிசை கட்டி நட்டுக்கொண்டிருக்கிறார்கள். கயிறு பிடித்த மாதிரி நேர் வரிசை, நல்ல வேகம். குனிந்து நடும் பக்குவம் அவர்கள் கைக்கும் இருக்கிறது. வேலை மாறவில்லை, மண்ணும் மாறவில்லை. 'பெண் வேலை' என்று எழுதி வைத்திருந்த பலகைதான் விழுந்துவிட்டது.

அதே கண்ணோடு கல்யாண மண்டபத்துக்கு வாருங்கள். வீட்டில் அடுப்படிப் பக்கமே எட்டிப் பார்க்காத ஆண் சமூகம், நூறு படி அரிசி வடிக்கும் கோட்டை அடுப்பு முன்னால் கரண்டி பிடித்து நிற்கிறது. தலைமைச் சமையல்காரர் ஆண், சாம்பாருக்கு உப்புப் பார்ப்பவரும் ஆண். சம்பளமும் பேரும் கிடைக்கும் இடத்தில் சமையல் ஆண் வேலை. இரண்டும் கிடைக்காத இடத்தில் அதே சமையல் பெண் வேலை. சாம்பார் ஒன்றுதான்.

ஒரு நோட்டை எடுத்து உங்கள் வீட்டில் யார் என்ன செய்கிறார்கள் என்று ஒரு நாள் முழுக்க எழுதுங்கள். காலையில் கோலம், மாட்டுக்குத் தண்ணீர், பேங்க் பாஸ்புக், குழந்தைக்கு எண்ணெய்க் குளியல், ரேஷன் வரிசை, இழவில் கொள்ளி வைப்பது, எல்லாவற்றையும். ஒவ்வொன்றுக்கும் எதிரே, இதற்கு இந்த உடம்புதான் வேண்டுமா, இல்லை வழக்கமா என்று குறியுங்கள். உடம்புதான் வேண்டும் என்று நிற்கக்கூடியவை பிள்ளை பெறுவதும் தாய்ப்பால் கொடுப்பதும் போல வெகு சிலதான். நோட்டில் அதை நீங்களே எழுதிப் பார்த்துவிட்டால், "ஆம்பளப் புள்ள அழக் கூடாது" என்று அடுத்த முறை வாயில் வரும்போது நாக்கு கொஞ்சம் தயங்கும்.

மூன்றாம் படி: வேடத்தையும் அடையாளத்தையும் குழப்பாதீர்கள்

தஞ்சாவூர்ப் பக்கம் மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி பாகவத மேளா என்ற நாட்டிய நாடகம் நடக்கும். பெண் பாத்திரங்களை ஆண்களே ஏற்று ஆடும் மரபு அது. சேலை, சடை, ஒட்டியாணம் என்று நிற்கும்போது அம்மன் சிலை போல இருப்பார்கள். விடிந்ததும் வேடத்தைக் கலைத்துவிட்டு வேட்டி கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஒரு ஆண் பெண் வேடம் கட்டுவது அவருடைய கலை. அதை வைத்து அவர் யார் என்று யாரும் முடிவு கட்டுவதில்லை, கட்டவும் கூடாது.

இதற்குப் பக்கத்தில் பரதக் கலைஞர் நர்த்தகி நடராஜை வைத்துப் பாருங்கள். மதுரையில் பிறந்து, பரத ஆசான்களான தஞ்சை நால்வர் வழிவந்த கே. பி. கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் கற்றவர். 2019இல் பத்மஸ்ரீ பெற்றவர். 2021இல் தமிழ்நாடு அரசின் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவில் உறுப்பினரானவர். அவர் திருநங்கை. மேடையில் அவர் பெண் வேடம் போடவில்லை. அவர் பெண். ஆட்டம் முடிந்து சலங்கையைக் கழற்றினாலும் பெண்தான்.

பிறப்பில் ஆண் என்று எழுதப்பட்டு, தன்னைப் பெண்ணாக அறிந்தவர் திருநங்கை. பிறப்பில் பெண் என்று எழுதப்பட்டு, தன்னை ஆணாக அறிந்தவர் திருநம்பி. இருவரையும் சேர்த்துச் சொல்லத் திருநர் என்ற சொல் இருக்கிறது. திருநம்பிகளைப் பற்றி நம் ஊரில் பேச்சே இல்லை. அவர்கள் இல்லாததால் அல்ல. பெண்ணாக வளர்க்கப்பட்ட பிள்ளை வீட்டை விட்டு வெளியே வந்து 'நான் ஆண்' என்று சொல்வதற்குள் கல்யாணம் செய்துவிடுகிறோம்.

நான்காம் படி: நாக்கைப் பழக்குங்கள்

அலி, ஒன்பது, உஸ்ஸு. இந்தச் சொற்களை இன்றோடு விட்டுவிடுங்கள். சினிமாவில் வந்தது, எல்லோரும் சொல்கிறார்கள் என்ற சமாதானம் வேண்டாம்.

'அது' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பக்கம் கட்டிய மனைவியையே "அது கோயிலுக்குப் போயிருக்கு" என்போம், குழந்தையையும் அப்படித்தான் சொல்வோம், அதில் வாஞ்சை இருக்கும். ஒரு திருநங்கையைப் பார்த்து "அது வருது பாரு" என்னும்போது வாஞ்சை இருப்பதில்லை. கேட்பவருக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் என்ற இயல் ஆண்மை திரிந்தவர்களைப் பற்றிப் பேசுகிறது. அவர்களை வைத்தது உயர்திணையில். நாம்தான் அஃறிணைக்குத் தள்ளினோம்.

எப்படி அழைப்பது என்று தெரியாவிட்டால் தமிழே கைகொடுக்கும். 'அவர்', 'வாங்க', 'சொல்லுங்க'. ஆணா பெண்ணா என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் மரியாதையும் சேர்ந்து வந்துவிடும். திருநங்கையை அக்கா, தங்கச்சி, அம்மா என்றும், திருநம்பியை அண்ணே, தம்பி என்றும் கூப்பிடுவது நம் ஊர் வழக்கத்தோடு ஒட்டிப்போகும். பழைய பெயர் என்ன என்று துருவாதீர்கள். ஆபரேஷன் ஆகிவிட்டதா என்று கேட்கவே கேட்காதீர்கள். வேறு யாரிடமாவது முதல் சந்திப்பில் உடுப்புக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பீர்களா?

இங்கே நான் செய்த ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவன். கரும்பலகைப் பக்கம் வரும்போது கையை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு வருவான். ஒருநாள் வகுப்பு முழுக்க இருக்கும்போது, "ஆம்பளப் புள்ளையா லட்சணமா நில்லுடா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அதை ஒழுக்கம் சொல்லிக்கொடுப்பதாகத்தான் நான் நினைத்தேன். அரையாண்டுத் தேர்வுக்கு அந்தப் பிள்ளை வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

பல வருடம் கழித்து, கும்பகோணம் போகும் டவுன் பஸ்ஸில் யாரோ என் தோளைத் தொட்டார்கள். "டீச்சர், நல்லா இருக்கீங்களா?" புடவையில், தலைநிறையக் கனகாம்பரத்தோடு ஒரு பெண். எனக்கு அடையாளம் தெரியவில்லை. கண்ணைப் பார்த்தபோது தெரிந்தது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் கண்டக்டர் வந்து திருநங்கையருக்கான கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்து அவளிடம் நீட்டி, "அக்கா, கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க" என்றார். 2021இல் சாதாரண நகரப் பேருந்தில் மகளிருக்குக் கொடுத்த இலவசப் பயணம் அடுத்த மாதமே திருநங்கையருக்கும் வந்தது. சீட்டைவிட அந்த 'அக்கா' என்னை உலுக்கியது. முப்பது வருடம் பாடம் நடத்திய எனக்கு வராதது அந்தத் தம்பிக்கு இயல்பாக வந்தது.

அவளுடைய அம்மாவைப் பிறகு பார்த்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மகள் வீடு திரும்பியது ஓர் ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள். மறுநாள் மயிலாடுதுறைக் காவிரித் துறையான துலாக்கட்டத்தில் படையல் போட்டு, மஞ்சள் கயிறு எடுத்துக் கட்டும் நேரம். நம் வழக்கப்படி பெண்களுக்குக் கழுத்தில், ஆண்களுக்குக் கையில். "கயித்தக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறேன் டீச்சர். சுத்தி அவ்வளவு சனம். எங்க கட்டணும்னு எனக்குத் தெரியும், ஆனா என் வாயால கேக்கணும்னு தோணுச்சு. 'கையிலயா, கழுத்துலயா?'ன்னு கேட்டேன். 'கழுத்துல கட்டும்மா'ன்னுச்சு. கை நடுங்கி முடிச்சே விழல. ரெண்டு தரம் கட்டுனேன்."

தெரியாவிட்டால் கேளுங்கள் என்று நான் சொல்வது இதைத்தான். எப்படிக் கூப்பிடட்டும், எந்தப் பெயர், எங்கே உட்கார வைக்கட்டும். நாமாக ஊகித்துச் செய்வதைவிடக் கேட்பது நல்லது.

ஐந்தாம் படி: கல்யாணம் மருந்து இல்லை

பாலீர்ப்பு விஷயம் நம் வீடுகளில் வெடிப்பது ஜாதகத்தை வெளியே எடுக்கும்போதுதான். அதுவரை படிப்பு, வேலை, சிங்கப்பூர் என்று தள்ளிப்போட்ட பிள்ளை, வரன் வந்ததும் சொல்லியாக வேண்டிய இடத்துக்கு வந்துவிடுகிறது. சொன்னதும் பெரியவர்கள் கூடிப் பேசி எடுக்கும் முடிவு: "ஒரு கால்கட்டப் போட்டா எல்லாம் சரியாப் போயிடும்."

சரியாகப் போவதில்லை. இன்னொரு வீட்டுப் பிள்ளையும் சேர்ந்து அழுவதுதான் நடக்கிறது. தன்னை ஏன் கணவன் தொடுவதில்லை என்று புரியாமல், தன்னிடம்தான் குறை என்று நம்பி, குழந்தைக்காக ஒவ்வொரு கோயிலாகச் சுற்றிய பெண்களை எனக்குத் தெரியும். உங்கள் பிள்ளைக்காக இல்லாவிட்டாலும், அந்த முகம் தெரியாத மருமகளுக்காகவாவது இந்தக் கல்யாணத்தைச் செய்யாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

"யாரோ கெடுத்துட்டாங்க", "செல்போன் பாத்துக் கெட்டுப்போச்சு" என்பதும் அடிக்கடி வரும். ஈர்ப்பு ஒருவர் தேர்ந்தெடுப்பதில்லை, ஒட்டிக்கொள்ளும் நோயும் இல்லை. குழந்தைகளிடம் யாராவது தவறாக நடந்தால் அது குற்றம், செய்தவர் ஆணானாலும் பெண்ணானாலும் குழந்தைகளைப் பாலியல் குற்றத்திலிருந்து காக்கும் போக்சோ சட்டம் பாயும், குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைக்கலாம். அந்தக் குற்றத்தையும் பாலீர்ப்பையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள்.

ஆறாம் படி: உங்களிடம் சொன்னால்

ஒரு பிள்ளை உங்களிடம் சொல்கிறது என்றால் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் சொல்கிறது. அந்த நேரத்தில் அடுப்பை அணையுங்கள், டிவியை நிறுத்துங்கள், உட்காருங்கள். உடனே அறிவுரை வேண்டாம். "எப்பலேருந்து மனசுல வச்சிருக்க? தனியாத் தவிச்சியா?" என்று கேளுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். ஆனால் "இதுக்காகவா உன்னப் பெத்தேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு வரியைத் திரும்ப அள்ள முடியாது.

அடுத்தது மிக முக்கியம். கேட்டதை வெளியே சொல்லாதீர்கள். அண்ணனிடம்கூட, குலதெய்வக் கோயில் பூசாரியிடம்கூட. யாருக்கு, எப்போது சொல்வது என்பது அந்தப் பிள்ளையின் உரிமை. நம் ஊரில் ஒரு செய்தி கடைத்தெருவுக்கு வர அரை நாள் போதும், அதன்பின் அந்தப் பிள்ளை அந்தத் தெருவில் நடக்க முடியாது.

எல்லாம் ஒரே நாளில் புரிந்துவிடாது. 2021இல் சேர்ந்து வாழ விரும்பிய இரண்டு பெண்களின் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இந்த விஷயத்தில் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, பிறகுதான் தீர்ப்பு எழுதினார். நீதிபதியே பாடம் கேட்டார் என்றால் நாமும் கேட்கலாம்.

ஏழாம் படி: 'சரிசெய்ய' யாரிடமும் கூட்டிப்போகாதீர்கள்

மந்திரிப்பது, பேய் ஓட்டுவது, ஷாக் வைப்பது, ஊசி போடுவது எதுவும் பாலீர்ப்பையும் பாலின அடையாளத்தையும் மாற்றாது. பிள்ளையின் உயிருக்குத்தான் ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து 1990இல் எடுத்துவிட்டது. திருநராக இருப்பதை மனநோய்ப் பிரிவில் வைக்காத புதிய பட்டியல் 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. மேலே சொன்ன 2021 தீர்ப்பு 'ஈர்ப்பை மாற்றும் சிகிச்சை' என்ற பெயரில் நடப்பதைத் தடைசெய்யச் சொன்னது. அடுத்த ஆண்டே தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. ஆகவே "மாத்திடலாம்" என்று ஒரு மருத்துவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

மனச்சோர்வுக்கும் பயத்துக்கும் உதவி தேடுவது வேறு, அது தேவைதான், பெற்றோருக்கும் சேர்த்து. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, கட்டணமில்லை, தமிழில் பேசலாம்.

பிறந்த குழந்தை இடைப்பாலினர் என்று தெரிந்தாலும் இதே நிதானம் வேண்டும். உயிருக்கு ஆபத்தில்லாதபோது அவசர அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதிக்காதீர்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் சொன்னதைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு அப்படிப்பட்ட அறுவைகளைத் தடைசெய்து ஆணையே போட்டிருக்கிறது. குழந்தை வளர்ந்து, தானே சொல்லட்டும்.

கடைசிப் படி: சட்டமும் தாள்களும்

2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் திருநரின் பாலின அடையாளத்தை அங்கீகரித்தது. தமிழ்நாட்டில் திருநங்கையர் நல வாரியம் அதற்கும் முன்னால், 2008லேயே அதே ஏப்ரல் 15இல் தொடங்கியது. 2018 செப்டம்பர் 6 முதல், வயது வந்த இருவர் விருப்பத்தோடு சேர்ந்திருப்பது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின்கீழ் குற்றம் இல்லை என்றானது. ஒரு ஆணும் திருநங்கையும் இந்து முறைப்படி செய்த திருமணம் செல்லும் என்றது 2019 மதுரைக் கிளைத் தீர்ப்பு. தன்பாலினத் திருமணத்துக்கு இன்னும் சட்ட இடம் இல்லை. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதைத் தர மறுத்தது. ஆனால் 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், கல்யாணம் மட்டும்தான் குடும்பத்துக்கு வழி என்றில்லை, தேர்ந்தெடுத்த குடும்பமும் குடும்பமே என்று சொல்லி, பெற்றோர் பிடித்து வைத்திருந்த பெண்ணைத் தன் விருப்பப்படி போக விட்டது. 18 வயது நிறைந்த மகளை அறையில் பூட்டி வைப்பது பாசம் இல்லை, சட்டவிரோதம். காவலர்கள் இவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று 2022இல் தமிழ்நாடு காவலர் நடத்தை விதியே திருத்தப்பட்டிருக்கிறது. தகராறு என்றால் அவசர உதவிக்கு 112, இலவச சட்ட உதவிக்கு 15100.

திருநர் அடையாளச் சான்று 2019 சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தருவது. விதிகள் மாறக்கூடியவை, அதனால் போகும் முன் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் இப்போதைய நடைமுறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். பெயர் மாற்றத்துக்கு அரசிதழ். அதன்பின் ஆதார், ரேஷன் அட்டை, பேங்க், கடைசியாகப் படிப்புச் சான்றுகள் என்ற வரிசையில் போனால் அலைச்சல் குறையும். எல்லாவற்றிலும் எழுத்துக்கூட்டல் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு புள்ளி மாறினாலும் திருப்பி அனுப்புவார்கள்.

தனியாக அனுப்பாதீர்கள். கூட ஒருவர் போங்கள், அம்மாவோ அண்ணனோ பழைய டீச்சரோ. என் மாணவியோடு நான் போன நாளில் காலை பத்து மணிக்கு உட்கார்ந்து மூன்று மணிக்குத்தான் கூப்பிட்டார்கள். எல்லாத் தாளிலும் மூன்று நகல், நாலு போட்டோ, ஒரு பாட்டில் தண்ணீர், கட்டுச் சோறு எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே அவளுடைய பெயரைச் சத்தமாகக் கூப்பிடும்போது பழைய பெயரைச் சொல்லிவிடாமல் இருக்க, மனுவின் மேலே புதுப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.